எத்தனை தடவை போனீங்க

எனக்கு வந்த நோயின் பெயரை என் சொந்தக்காரர்களில் ஒருவராலும் இன்னும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அக்கா 'குடல் வேக்காடு' என்கிறாள். மச்சான் 'டென்ஷன் வியாதி' என்கிறார். நான் வேலை பார்த்த ரிக் வண்டியில் இருப்பவர்கள் இன்றைக்கும் 'வேலண்ணனுக்கு மூலம்' என்றுதான் பேசிக்கொள்கிறார்களாம். நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்தோல் புண்ணாகி, ரத்தமும் சளியுமாக வெளியேறும் நோய். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நானே இந்தப் பெயரை மூன்று நாளில் சொல்லப் பழகிவிட்டேன். மற்றவர்களுக்கு என்ன கேடு என்று தெரியவில்லை.

பரிசோதனைக்குச் சேலம் போகும்போதெல்லாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் என் பக்கம் நகர்ந்து வந்து, "உங்களுக்கும் இதேதானுங்களா? எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். இதில் நாங்கள் குடும்பத்தோடு செய்த ஒரு தப்பும் இருக்கிறது. வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர், அதாவது லிவரைப் பிடித்துத் துளை போடுகிறவன். அதற்கு முன்னால் முட்டை லாரியில் கிளீனர், நூல் மில்லில் கூலி, கோழிப் பண்ணையில் தீவனம் அரைக்கிற வேலை. எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ரிக் வேலை அதற்குத் தோதாக அமைந்தது. வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் இருப்போம். வண்டிதான் வீடு, வண்டிக்கடிதான் படுக்கை, தண்ணீர் கிடைக்கிற இடத்தில் குளியல். இதையெல்லாம் கஷ்டம் என்று நான் நினைத்தது கிடையாது.

சத்தீஸ்கரில் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரத்தம் வந்தது. ரிக்கில் ரத்தம் போனால் அது சூட்டு மூலம். அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். பகல் முழுக்க கம்ப்ரசர் பக்கத்தில் வெந்துகொண்டு நிற்கிறவர்கள் நாங்கள், எல்லாருக்கும் ஏதோ ஒரு நாள் போயிருக்கிறது. வண்டியில் சமையல் செய்கிற பெரியசாமி மோரில் வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார்.

"நாலு நாள் குடிங்கண்ணா. சூடு எறங்கிரும்."

நான் நான்கு மாதம் குடித்தேன். இடுப்பு வலிக்குத் தினமும் ஒரு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டேன். அந்த மாத்திரையும் குடல் புண்ணைக் கிளறிவிடக்கூடியது என்று பின்னால் சேலத்தில் சொன்னார்கள். மெடிக்கல் கடைக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஓர் ஊரில், அறுநூறு அடிக்குக் கீழே, துளை போடுகிற ஹேமர் ராடிலிருந்து முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஹேமர் என்பது கம்பிகளின் நுனியில் பாறையை உடைத்துக்கொண்டே போகிற பாகம். அதை எடுக்காமல் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. மூன்று நாள் தூண்டில் போடுவதுபோலப் போட்டுப் போட்டு இழுத்தோம். திருச்செங்கோட்டிலிருந்து முதலாளி மணிக்கொரு தரம் போன் செய்தார். நிலத்துக்காரரின் அண்ணன் தம்பிகள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, நாங்கள் கிளம்பிவிடாதபடி எங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த மூன்று நாளில்தான் நாளைக்கு நான்கு தடவை என்றிருந்தது பத்து, பன்னிரண்டு ஆனது. லிவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவசரம் வரும். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு புதருக்கு ஓடுவேன். திரும்பி வந்து லிவரைத் தொடுவதற்குள் மறுபடி வரும். ஹேமர் கடைசி வரை வரவில்லை. நான் மயங்கி விழுந்தேன். பெரியசாமி என்னை ரயிலேற்றிவிட்டார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கழிவறைக் கதவுக்கு வெளியே துண்டை விரித்து உட்கார்ந்தபடி சேலம் வந்து சேர்ந்தேன்.

ஜங்ஷனில் என் மனைவி சுமதி நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தாண்டிப் பத்தடி போய்விட்டாள். நான்தான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தவள் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பதினான்கு கிலோ குறைந்திருந்தேன் என்று பிற்பாடு எடை பார்த்தபோது தெரிந்தது.

மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தது இரண்டரை மணி நேரம். காத்திருக்கிற கூடத்தில் கழிவறை ஒன்றே ஒன்று, உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வயிற்றுக்காரர்கள். இதை யார் கட்டினார்கள், கட்டும்போது என்ன நினைத்துக்கொண்டு கட்டினார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். என் எண்ணை அழைத்தபோது உள்ளேதான் இருந்தேன். எனக்கு அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். சுமதி அங்கே போய்ச் சண்டை போட்டாள்.

ரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள், வயிற்றைப் படம் எடுத்தார்கள். பிறகு நுனியில் கேமரா வைத்த குழாயைப் பின்வழியாக உள்ளே செலுத்திப் பார்க்கிற சோதனை. மயக்கத்துக்கு லேசாக ஊசி போட்டிருந்தாலும் திரை தெரிந்தது. போர்வெல்லுக்குள் கேமரா விட்டுப் பக்கச் சுவரைப் பார்க்கிற வேலையை நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். இங்கே சுவர் தோலுரித்த கறிபோல இருந்தது. குழாய் தொட்ட இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்தது.

சோதனை முடிந்ததும் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். நடுத்தர வயதுப் பெண்மணி, அவசரப்படாமல் பேசுகிறவர். சுமதியும், ஜலகண்டாபுரத்திலிருந்து அன்று காலை பஸ் பிடித்து வந்திருந்த என் அக்கா பாப்பாத்தியும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் மயக்கத்தில் பாதியைத்தான் கேட்டேன். மீதியை நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

நம் உடம்பில் கிருமியை அடிப்பதற்கென்று ஒரு படை இருக்கிறது. எனக்கு அந்தப் படை காரணமில்லாமல் சொந்தக் குடலையே அடிக்க ஆரம்பித்துவிட்டது. பிறவி வாகு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சாப்பாடு என்று காரணங்கள் பல. இன்னதுதான் என்று யாராலும் கை காட்ட முடியாது. அக்கா குறுக்கே புகுந்து, "ரிக்குல ஒரே டென்ஷனுங்க டாக்டர். அதுனாலதான் வந்துருக்குமுங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். குடலுக்கென்று தனியாக ஒரு நரம்பு வலை இருக்கிறது, மூளையோடும் அதற்குத் தொடர்பு உண்டு. பயமோ நெருக்கடியோ வரும்போது நரம்பு நுனிகள் மிகச் சிறிய புரதத் துணுக்குகளை வெளியே விடும். அவற்றுக்கு நியூரோபெப்டைடு என்று பெயர். நரம்பு எழுதி அனுப்புகிற துண்டுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சப்ஸ்டன்ஸ் பி என்று ஒன்று, சி.ஆர்.எச். என்று இன்னொன்று. குடல் சுவரில், நரம்பு நுனிக்குப் பக்கத்திலேயே, மாஸ்ட் செல் என்ற காவல் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. சீட்டு வந்ததும் அவை தங்களிடம் கட்டி வைத்திருக்கிற காரமான சரக்கை அவிழ்த்துக் கொட்டும். ரத்தக் குழாய்கள் வீங்கிக் கசியும். குடலின் உள்தோலில் நெருக்கமாக இருக்கிற இணைப்புகள் தளரும். உள்ளே இருக்க வேண்டியது சுவருக்குள் கசியும். படை இன்னும் திரண்டு வரும். நல்ல குடலில் இது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அடக்குவதற்கென்றே வேறு பெப்டைடுகளும் உண்டு. ஏற்கெனவே புண்ணான குடலில் இது எரிகிற தீயில் எண்ணெய்.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர். "இதுல நிறைய விலங்குகள்ல பார்த்தது. மனுஷங்கள்ல யாருக்கு எவ்வளவுன்னு அளந்து சொல்ல முடியாது. டென்ஷனால இந்த நோய் வந்துச்சுன்னு நான் சொல்லலை. டென்ஷன் இல்லேன்னா போயிடும்னும் சொல்லலை."

என் குடும்பத்தார் இந்தக் கடைசி வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் அப்போது இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். நான் தூங்கிவிட்டேன். மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போடுவோம். மூன்றாம் நாள் எத்தனை தடவை வெளிக்குப் போகிறார் என்று எண்ணிப் பார்ப்போம். எட்டுக்கு மேல் இருந்தாலோ, ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற அளவு இறங்காமல் இருந்தாலோ, ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்படியானால் இரண்டாவதாக ஒரு மருந்து பார்க்கலாம். அதுவும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுக்க வேண்டியிருக்கும். வயிற்றில் ஒரு துளை வைத்து, மலம் அதன் வழியாக ஒரு பைக்குள் வரும். "அவர் முழிச்சதும் நான் வந்து அவர்கிட்டயும் சொல்றேன்" என்றாராம் டாக்டர்.

சுமதி கைகூப்பியிருக்கிறாள். "நீங்க சொல்ல வேண்டாமுங்க. நாங்களே பக்குவமாச் சொல்லிக்கறோமுங்க."

டாக்டர் நம்பிவிட்டார். இவர்கள் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து என்னைச் சுற்றி ஒரு நாடகம் நடந்தது. முதல் வேலையாக என் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பார்க்க வருகிறவர்களை அக்கா வார்டு வாசலிலேயே நிறுத்திப் பாடம் சொல்லி அனுப்பினாள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு வந்து, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "டென்ஷன் ஆவாதீங்க." பில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு" என்றாள் சுமதி. ரிக் என்ன ஆயிற்று என்று மச்சானைக் கேட்டேன். "ரிக்கா? எந்த ரிக்கு மாப்ள?" என்றார். நான் வேலை பார்த்த வண்டியையே அவர் மறந்துவிட்டாராம். கொலை செய்துவிட்டு மறைக்கிறவன்கூட இதைவிட நன்றாகப் பொய் சொல்லுவான்.

நான் கழிவறையிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் பேச்சு பாதியில் நிற்கும். மூன்று பேரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் இருந்தது. எனக்குப் புற்றுநோய் என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு நாள் அந்த முடிவோடுதான் படுத்திருந்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் அழுவார்கள், எனக்கு அதைத் தாங்குகிற தெம்பு இல்லை.

இனி எங்கள் தப்பைச் சொல்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். அதில் எத்தனை தடவை போனேன், ரத்தம் இருந்ததா என்று எழுத வேண்டும். கூட இருக்கிறவர் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்தால், நர்ஸ் வந்து அதைப் பார்த்து அட்டையில் ஏற்றிக்கொள்வார். நர்ஸ் அயோத்தியாப்பட்டணத்துக்காரப் பெண், கறாரானவர். முதல் நாள் சாயங்காலம் வந்து கேட்டார்.

"எத்தனை தடவை போனீங்கண்ணா?"

"பதினாலு."

சுமதியின் முகம் செத்துப்போயிற்று. ஓர் எண்ணுக்கு ஏன் இப்படி ஆகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் அவளே கேட்டாள். "ஏனுங்க, இன்னிக்குக் கொறைஞ்சிருக்குதுங்களா?" உண்மையில் பன்னிரண்டு. ஒன்பது என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாம் நாள் காலை, அதுவரை கழிந்த இருபத்துநான்கு மணி நேரக் கணக்குக்கு, ஏழு என்றேன். அவள் எழுந்து போய் எனக்கு டீ வாங்கி வந்தாள். எனக்கு டீ கொடுக்கக் கூடாது என்பதே மறந்துபோய்விட்டது. அவளே நின்று குடித்தாள்.

இது எனக்குப் பழகிய வேலை. எங்கள் தொழிலில், துளை பெயில் என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்கிற வழக்கம் இல்லை. எழுநூறு அடி போய் வெறும் புழுதி பறந்தாலும், "ஈரம் காட்டுதுங்க, இன்னும் அம்பதடி பாக்கலாமுங்க" என்றுதான் டிரில்லர் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லை என்பதை நிலத்துக்காரரே தன் வாயால் சொல்லி, போதும் என்று கையைக் காட்டுகிற வரை நாங்கள் சொல்ல மாட்டோம். அது பொய்யா என்று இருபது வருடத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. எதிரில் நிற்கிறவர் முகம் வாடாமல் பார்த்துக்கொள்கிற மரியாதை என்றுதான் வைத்திருந்தேன். சுமதியிடமும் அதைத்தான் செய்தேன். ஈரம் காட்டுகிறது என்றேன்.

அன்று பதினோரு மணி இருக்கும். சுமதியும் அக்காவும் கஞ்சி வாங்கப் போயிருந்தார்கள். ஒரு மனிதர் கையில் பேனாவோடு வந்தார். மருத்துவமனை ஆள்தான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் என்று சொன்னார். பேச்சு சுபாவமாக இருந்தது.

"எந்திரிச்சு நில்லுங்கண்ணா. நீங்க வேட்டி கட்டுவீங்களா, பேண்ட்டா?"

"வேலைக்குப் பேண்ட்டு. ஊட்டுல வேட்டி."

"எந்த எடத்துல இறுக்குவீங்க? காட்டுங்க. இப்பக் குனிங்க. உக்காருங்க. வயிறு எங்க மடியுதுன்னு பாக்கோணும்."

தையல்காரர் அளவெடுப்பதுபோல எல்லாம் செய்தார். பிறகு தொப்புளுக்கு வலது பக்கம் கீழே பேனாவால் ஒரு வட்டம் போட்டார். மை அழியாமல் இருக்க மேலே ஒரு கண்ணாடித் தாள் ஒட்டினார்.

"இது எதுக்குங்க?"

"பை வெக்கறதுக்குங்க." அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். "வெக்கற மாதிரி வந்தா, எடம் சரியா இருக்கோணுமில்லீங்க. பெல்ட்டுக்கு அடியில போயிட்டா நசுங்கும். பெருங்குடல் எடுக்காமயே போனாலும் போவுமுங்க, இது ஒரு முன்னேற்பாடுதான். ஏன், உங்களுக்குச் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க" என்றேன். அந்த மனிதரின் முகம் வாட வேண்டாம் என்று அதற்கும் ஒரு பொய்.

சுமதி கஞ்சியோடு வந்தபோது நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அக்கா பின்னால் வந்து, "யாரு சாமி உன்ர வயித்துல கிறுக்கி வெச்சது?" என்று கேட்டாள். பிறகு அவளுக்கும் புரிந்தது.

"ஏம்புள்ள, என்ர கொடல எடுக்கறதுக்கு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"சொன்னா உங்களுக்கு டென்ஷன் ஆயிருமுங்க. அந்தப் பெப்டு சொரந்துருமுங்க."

"சொல்லாம இருந்தா சொரக்காதா? ரெண்டு நாளா எனக்குக் கேன்சருன்னு நெனச்சுப் படுத்திருக்கறன்."

"அய்யோ, கேன்சரெல்லாம் இல்லீங்க. கொடலுதானுங்க" என்றாள், நான் நிம்மதியடைய வேண்டும் என்பதுபோல. பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று நாள் கெடு, எட்டு என்ற எண், இரண்டாவது மருந்து, பை. கேட்கக் கேட்க எனக்கு வேறொரு பயம் வந்தது.

"சீட்டுல இன்னிக்கு எத்தன எழுதியிருக்கற?"

"அஞ்சு."

"நான் ஏழுன்னல்ல சொன்னேன்."

"எட்டுக்குக் கிட்டக்க வருதேன்னு ரெண்டு கொறச்சுக்கிட்டனுங்க."

"அடி கெரகமே. நான் சொன்னதே நாலு கொறச்சுத்தான்."

அவள் விரலை மடித்து எண்ணினாள். எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. பதினொன்று. நான் நான்கைத் தின்றேன், அவள் இரண்டைத் தின்றாள். அட்டையில் ஐந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காதான் முதலில் பேசினாள். "நடந்தது நடந்துபோச்சு. அஞ்சுன்னே இருக்கட்டும் விடு சாமி. அஞ்சுன்னா கத்தி வெக்க மாட்டாங்களாமில்ல. ஊட்டுக்குப் போயிப் பத்தியமா இருந்து பாத்துக்கலாம்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த யோசனை வந்தது. பையோடு ரிக்கில் ஏற முடியுமா, வண்டிக்கடியில் புரண்டு படுக்க முடியுமா, எந்த முதலாளி சேர்த்துக்கொள்வார் என்று மனம் ஓடியது. பையோடு நல்லபடியாக வாழ்கிறவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன், அதில் ஒருவர் லாரியே ஓட்டுகிறார். ஆனால் அன்று எனக்கு யாரையும் தெரியாது. ஐந்து என்ற எண் எழுதிய அட்டை கட்டிலில் தொங்கியது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். கையில் ரத்தப் பரிசோதனைத் தாள், படம். அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். என் நாடியை அவரே பிடித்து எண்ணினார்.

"அஞ்சு தடவைன்னு போட்டிருக்கு. அது சரின்னா ஊசி வேலை செய்யுது. இன்னும் ரெண்டு நாள் இதையே போட்டு, மாத்திரைக்கு மாத்தி, வீட்டுக்கு அனுப்பிடலாம். ஆனா ரத்தம் அப்படிச் சொல்லலை. நாடியும் சொல்லலை. படத்துல குடல் முந்தாநாளைவிட விரிஞ்சிருக்கு." என்னை நேராகப் பார்த்தார். "வேலு, எத்தனை தடவை போனீங்க?"

அக்கா என் காலை அழுத்தினாள்.

"குடல் விரிஞ்சா என்னங்க ஆகும்?" என்றேன்.

"இன்னும் விரிஞ்சா கிழியும். கிழிஞ்சா உள்ள இருக்கிறது எல்லாம் வயித்துக்குள்ள கொட்டும். அப்புறம் பை வைக்கிறதா வேண்டாமான்னு பேச நேரம் இருக்காது."

"பதினொண்ணுங்க" என்றேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் எவ்வளவு குறைத்தோம் என்பதைச் சுமதி தேம்பிக்கொண்டே விளக்கினாள். நர்ஸ் அட்டையைக் கழற்றி எடுத்து, என்னைப் பார்த்த பார்வையை எழுதிக் காட்ட முடியாது.

"டென்ஷன் ஆகக் கூடாதுன்னு நான் சொன்னேனா?" என்று டாக்டர் கேட்டார். "பெருங்குடல் போகுமா இருக்குமான்னு இருக்கிற ஆளு டென்ஷன் ஆகாம எப்படிம்மா இருப்பார்? குடல் புண்ணுங்கிற தீயில ஆயிரம் கை எண்ணெய் ஊத்துது. அதுல ஒரு கை அது. அந்த ஒரு கையைப் பிடிக்கிறேன்னு மொத்தக் கணக்கையும் அழிச்சு வெச்சிருக்கீங்க." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க மறைச்சது அவருக்குத் தெரியலை, சரி. மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுதே. அதுக்கு நரம்பு சும்மா இருக்குமா?"

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்களுக்கு என்னுங்க தெரியும்" என்றாள். அது மட்டும் முழு உண்மை.

அன்று மதியமே இரண்டாவது மருந்தை ஆரம்பித்தார்கள். இந்த மருந்து உள்ளே ஒளிந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடுமாம்; அதற்கான சோதனையை முதல் நாளே எடுத்து வைத்திருந்ததால் தாமதமில்லை. படையைக் கூப்பிடுகிற பலமான சங்கு ஒன்றின் வாயை அடைக்கிற மருந்து இது என்று டாக்டர் இந்த முறை என்னிடமே சொன்னார். கேட்டால் ஐந்தாறு நாளில் தெரியும். நடுவில் குடல் இன்னும் விரிந்தால் காத்திருக்க மாட்டோம். அறுவைச் சிகிச்சை டாக்டர் தினம் இரண்டு வேளை வந்து வயிற்றை அழுத்திப் பார்ப்பார். இதில் எதையாவது ஒளிக்க வேண்டுமா என்று அந்த டாக்டரம்மா சுமதியைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நாட்களில் நான் பயப்படவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். நன்றாகவே பயந்தேன். ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்திருந்தது. மச்சானுக்கும் ஞாபகம் திரும்பிவிட்டது. ரிக்கில் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், ஹேமரைத் துளைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று சொன்னார். அதற்காக அன்று நான் கூடுதலாக ஒரு தடவைகூடப் போகவில்லை.

மருந்து ஏறிய மறுநாள் பத்து. அதற்கடுத்த நாள் ஒன்பது. மூன்றாம் நாளும் ஒன்பது. அன்று அறுவைச் சிகிச்சை டாக்டர் வயிற்றை அழுத்திவிட்டு, வட்டத்தின் மேல் ஒட்டிய தாள் உரிந்திருக்கிறதென்று புதிதாக ஒட்டச் சொன்னார். நான்காம் நாள் காலை நர்ஸ் கேட்டபோது, "நாலு" என்றேன். ரத்தமும் கொஞ்சம்தான்.

நர்ஸ் பேனாவைத் திறக்கவே இல்லை.

"உண்மையாலுமே நாலுதாம்மா."

"நீங்க சொல்ற நம்பரை எழுதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கண்ணா. உங்க வீட்டுக்காரங்க சொல்றதையும் எழுதக் கூடாதாம்" என்றார். கழிவறையில் மலம் விழ ஒரு பேசின் பாத்திரத்தை வைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றாமல் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நாற்பத்து மூன்று வயதில் இதையும் பார்த்தேன். அக்கா என் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். செய்த பிறகும், "சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றவன்தான் நீயி, எனக்குத் தெரியாதா" என்றாள். சுமதி சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கழிவறைக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று பகல் முழுக்க அங்கேதான் இருந்தாள். நான் இருமினால்கூட வெளியிலிருந்து, "என்னுங்க?" என்பாள்.

ஐந்தாம் நாள் காலை ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். மதியம் நான் உள்ளே இருக்கும்போது டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. ரிசல்ட் வந்துவிட்டது, அழற்சி அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, குடலும் சுருங்கியிருக்கிறது, அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று சர்ஜனும் எழுதிவிட்டார் என்று டாக்டர் சொன்னது கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. அக்கா சாமியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.

அடுத்துச் சுமதியின் குரல் வந்தது.

"அவரு வெளிய வரட்டுமுங்க டாக்டர். நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

நான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். சுமதி முதலில் எட்டிப் பேசின் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு சீட்டில் ஒரு கோடு போட்டாள். அப்புறம்தான் ஸ்டூலை நகர்த்தி எனக்கு வழிவிட்டாள்.